ஒரு சொல்லும் பல வடிவும்: மாமல்லைக் கடற்கரையில் எழுத்துரு பேணிய முறை

எழுத்திற்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு உண்டு என்பது தமிழிலக்கணம் கற்றார் அனைவரும் அறிந்ததே. ஒலிவடிவு நிலைத்து நிற்க, வரிவடிவு காலந்தோறும் இடந்தோறும் வேறுபடும். இதனை இலக்கண ஆசிரியர் நூற்பாவிற் கூறினர். கல்தச்சர் பாறையிற் செய்து காட்டினர். இந்நாளில் இதனோடு நாளும் போராடுவோர் ஒட்டுத்தாள் வெட்டும் சிறு கடைக்காரர் ஆவர். கணிப்பொறியோடு இணைந்த வெட்டுக்கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, பெயர்ப்பலகைக்கும் வண்டிக்கும் திறப்புவிழாக் கல்லுக்கும் எழுத்து வெட்டிக் கொடுக்கும் இவர்களிடம் நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எவ்வாறு வகைப்படுத்துவது, வேண்டியபோது எவ்வாறு தேடி எடுப்பது, ஓர் எழுத்துரு தொலைந்தால் அதனோடு வேறு எது தொலையும் என்பன அவர்தம் தொழிலின் வினாக்கள். இவை புதிய வினாக்கள் அல்ல. செங்கற்பட்டு, மாமல்லபுரம், காஞ்சி என்னும் இந்நிலப்பரப்பில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே எழுந்தவை என்பதும், அன்று பல்லவர்காலத் தச்சர் கைக்கொண்ட விடை நம் காலத்தில் ஒருமுறை கைநழுவிப் போயிற்று என்பதும் எம் கருத்து.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தது ஓர் இடர்ப்பாட்டினாலாகும். சில ஆண்டுகட்கு முன்னர், எம் துறையில் நடந்த கண்காட்சி ஒன்றிற்காகப் பல்லவ மன்னர் பட்டப்பெயர்கள் சிலவற்றைக் கருங்கற் பலகையில் பொறிக்க விரும்பினோம். இக்காலத்தில் இத்தகைய பலகைகளைப் பெரும்பாலும் உளிகொண்டு வெட்டுவதில்லை. எழுத்துகளைக் கணிப்பொறியில் அமைத்து, வெட்டுக்கருவியால் ஒட்டுத்தாளில் வெட்டி, அத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, எழுத்தின் இடங்களை மட்டும் உரித்தெடுத்து, காற்றின் விசையால் மணலை வீசிக் கல்லைக் குழிப்பர். எம் பலகையும் அவ்வாறே ஆயிற்று. நிறுவிய பின்னரே ‘அத்யந்தகாம’ என்னும் பெயரில் தந்நகரம் நிற்க வேண்டிய இடத்தில் றன்னகரம் நிற்பதைக் கண்டோம். பிழை பார்த்தவர் யாமே. ஆகவே எவரையும் நோவதற்கில்லை. திருத்தி வெட்டித் தருமாறு கடைக்காரரை நாடியபோது, அவர் கணிப்பொறியை மாற்றியிருந்தார். பழைய கோப்பு திறந்தது. ஆயின் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே வரிசையாக நின்றன. வெட்டுதற்கெனக் கோடுகளாக மாற்றிவைத்த மற்றொரு கோப்பில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் ஓரெழுத்தை அழித்து வேறோர் எழுத்தைத் தட்டச்சிட வழியில்லை. “ஐயா, எழுத்தோட படம் இருக்கு, எழுத்து இல்ல” என்றார் அவர். ஓர் இலக்கண மாணவன் எழுதத்தக்க தொடர் அது.

படம் வேறு, எழுத்து வேறு என்னும் இத்தெளிவு பல்லவர்காலத் தச்சரிடம் எத்துணை ஆழமாக இருந்தது என்பதை இனிக் காண்போம்.

செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று உளது. அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசன் என்பானுடைய மகன் கந்தசேனன் அதனைச் செய்வித்தான். ஆங்குள்ள கல்வெட்டு தமிழ்மொழியில், தமிழெழுத்தில் அமைந்தது. பல்லவர் வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுகளுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்னும் மன்னன் பட்டங்கள் ஈண்டுத் தமிழ்வரியில் நிற்கின்றன. இவற்றுள் லளிதாங்குரன், குணபரன் என்பன திருச்சிராப்பள்ளிக் குன்றின் குடைவரையில் வடமொழிப் பாடல்களினிடையே கிரந்தவரியில் வருகின்றன. ஒரே மன்னன், ஒரே பெயர், ஒரே தலைமுறை. வரிவடிவு மட்டும் இரண்டு. எந்த வரியை எங்கே எடுப்பது என்பதை மொழியும் இடமும் படிப்போரும் முடிவு செய்தனர் எனலாம். பல்லாவரத்துக் குடைவரையிலோ அவன் பட்டங்கள் அணிவகைக் கிரந்தத்தில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. ஆங்குச் செய்தி என ஒன்றும் இல்லை. பெயர்களும் அவற்றின் அழகுமே உள. வாயிலில் ‘நல்வரவு’ ஒட்டுவார் இக்காலத்தும் அணியெழுத்தையே கேட்கின்றனர் என்பதை இவ்விடத்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாமல்லபுரத்துத் தருமராசர் தேரில் சீநரசிம்மன், புவனபாசனன், அநேகோபாயன், நயனமனோகரன், அநுபமன் முதலிய பட்டங்கள் ஆங்காங்கே குறுகிய பெயர்க்குறிகளாக வெட்டப்பட்டுள்ளன. அத்தேரின் மேல்தளத்தில் ‘அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்’ என்னும் கோயிற்பெயர், சற்று வேறுபட்ட, வளர்ச்சியுற்ற வரியில் உளது. கணேசர் தேரிலும் தருமராச மண்டபத்திலும் ஒரே வடமொழிப் பாடல்கள் இருமுறை வெட்டப்பெற்றன. ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்டன் குடைவரைக்குச் செல்வார் இன்னும் வியக்கத்தக்க காட்சியைக் காண்பர். முகமண்டபத்தின் ஒருபுறச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும், எதிர்ப்புறச் சுவரில் வடநாட்டு நாகரியின் பழைய வடிவிலும் அவையே பாடல்கள். மொழி பெயர்க்கப்படவில்லை, சொல் மாறவில்லை, வரி மட்டும் மாறிற்று. கடல்வழி வந்திறங்கிய வடபுலத்தார்க்காக இது செய்யப்பட்டது என்பர் சிலர். அது உண்மையாயினும் ஆகுக. ஆயின் எம் நோக்கம் வேறு. இவ்வாறு செய்தற்கு, பாடலின் சொற்றொடர் எந்த வரியையும் சாராமல் ஓலையிலோ நினைவிலோ தனித்து நின்றிருத்தல் வேண்டும். அதனை இருவேறு எழுத்துத் தொகுதிகளில் பெயர்த்தெழுத வல்லார் இருந்திருத்தல் வேண்டும். மூலம் ஒன்று, எழுத்துருக் களஞ்சியம் வேறொன்று என்னும் பிரிவினை இதனாற் பெறப்படும்.

இப்பிரிவினையின் உச்சியைக் காணவேண்டுவோர் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லல் வேண்டும். (காஞ்சிபுரம் இப்போது தனி மாவட்டம், எனினும் 1997 வரை செங்கற்பட்டு மாவட்டத்தின்பாற்பட்டதே.) ஏறத்தாழக் கி. பி. 700 முதல் 728 வரை ஆண்ட இராசசிம்மன் எடுப்பித்த அக்கோயிலின் திருச்சுற்றில் உள்ள சிறு கோயில்களில், அவனுடைய இருநூற்றுக்கு மேற்பட்ட பட்டங்கள் அடுக்கடுக்காக வெட்டப்பட்டுள்ளன. ஓரடுக்கில் கண்ட பெயர்களே மற்றோர் அடுக்கில் வேறு வரியில் மீண்டும் வருகின்றன. எளிய பல்லவ கிரந்தம் உண்டு. நாகரியைச் சார்ந்த வரி உண்டு. பறவையின் தலையும் கொடியின் சுருளும் போன்று நீட்டி வளைத்த அணியெழுத்தும் உண்டு. இவ்வாறு நான்கு வகை எழுத்துகளை ஆங்கு அறிஞர் கண்டுள்ளனர். ஓர் அச்சகத்தார் தம்மிடமுள்ள எழுத்து வகைகளைக் காட்டுதற்கு ஒரே தொடரைப் பலவகையில் அடித்துவைக்கும் மாதிரி ஏட்டை இது நினைவூட்டுகின்றது. மன்னனின் புகழ்ப்பட்டியலை எழுத்துருவின் மாதிரிப் பட்டியல் எனல் பொருந்துமோ எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். அரசன் நோக்கம் புகழே, ஐயமில்லை. தச்சன் நோக்கத்தை யாம் கூறுகின்றோம்.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வகைகள் பலவாயினும் அவை தாறுமாறாகக் கலக்கப்படவில்லை. ஓரடுக்கிற்கு ஒரு வகை. சாளுவன்குப்பத்தில் ஒரு சுவருக்கு ஒரு வகை. ஒரே பெயருக்குள் ஓரெழுத்து எளிய வரியாகவும் அடுத்த எழுத்து அணிவரியாகவும் வருதல் இல்லை. செப்பேட்டிலும் இந்நெறியே காணப்படும். பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும், தமிழ்ப் பகுதி தமிழ்வரியிலும் எழுதப்பட்டன. கிரந்தத்திலும் தமிழிலும் சில எழுத்துகள் ஏறத்தாழ ஒத்த வடிவினவே. எனினும் இரண்டு களஞ்சியங்களும் அருகருகே நின்றன, ஒன்றையொன்று விழுங்கவில்லை.

இது வெறும் அழகியற் செய்தியன்று. மாமல்லபுரத்தின் காலத்தைத் தீர்மானிப்பதில் இதற்குப் பங்குண்டு. 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இக்கடற்கரைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ஷ், வரிவடிவின் வளர்ச்சியை அடிப்படையாகக் கொண்டு அவற்றை முன்பின்னாக வகுத்தார். அவர்க்குப் பின்வந்தோருட் பலர் அவ்வழியே சென்று, தேர்களைப் பல மன்னர்க்குப் பங்கிட்டனர். 1962-இல் இரா. நாகசாமி, இவையனைத்தும் இராசசிம்மன் ஒருவன் காலத்தனவே என்னும் கருத்தை வெளியிட்டார். கே. ஆர். சீனிவாசன் முதலியோர் மாமல்லன் தொடங்கிப் பல தலைமுறைகளின் பணி என்னும் கருத்தினர். இச்சொற்போர் இன்னும் ஓயவில்லை.

யாம் இதில் தீர்ப்புக் கூற முற்படவில்லை. எனினும் எழுத்தின் வடிவை மட்டும் சான்றாகக் கொள்வோர்க்குக் கைலாசநாதர் கோயில் ஒரு தடையை எழுப்புகின்றது. ஒரே மன்னன், ஒரே சுற்று, ஒரே பணிக்களம். ஆயினும் வரிகள் நான்கு. அக்கோயில் இடிந்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு கல் மட்டும் தனித்தனி ஊர்களிற் கிடைத்திருந்தால், அவற்றை நான்கு தலைமுறைக்கு உரியனவாகப் பங்கிட்டிருக்கமாட்டோம் என்று உறுதி கூற இயலுமா? தருமராசர் தேரில் மேல்தள எழுத்திற்கும் ஏனைய எழுத்திற்கும் உள்ள வேறுபாடு காலத்தின் வேறுபாடாகவும் இருக்கலாம். தளத்திற்கு ஒரு வகை எனத் தெரிந்தெடுத்த வேறுபாடாகவும் இருக்கலாம். ஒற்றைக்கல் தேர்கள் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டவை. இத்தேரின் அடித்தளமோ முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஆகவே கல்வேலையின் முறையையும் பட்டங்கள் யாருக்குரியன என்பதையும் உடன்வைத்தே முடிவு காணல் வேண்டும். வடிவு ஒரு சான்று, தனிச்சான்று அன்று. மாறாக, எளிய வரிகளை எளிய வரிகளோடும் அணிவரிகளை அணிவரிகளோடும் ஒப்பிட்டால் அச்சான்று வலுப்பெறும். எளிய வரியை அணிவரியோடு ஒப்பிட்டுக் காலம் கணிப்பது, ஒரு கடையில் ஒரே நாளில் வெட்டிய இரண்டு பலகைகளைத் தந்தையும் மகனும் வெட்டினர் என்பதனோடு ஒக்கும்.

இனி, இப்பிரிவினை எவ்வாறு கைநழுவிற்று என்பது.

அச்சுக்கலை வந்தபோது எழுத்து உலோகத் துண்டாயிற்று. 1578-இல் கொல்லத்தில் தமிழ்நூல் அச்சேறிற்று. தரங்கம்பாடியில் 1713-இல் அச்சுப்பணி தொடங்கியபோது செருமனியின் ஆலே நகரத்தில் வார்த்த எழுத்துகள் பயன்பட்டன. அவை பெரியனவாக இருந்து தாளை மிகுதியாக விழுங்கியமையின், சிறிய எழுத்துகளைப் பின்னர் வார்த்தனர். அச்சுக்கோப்பவர்க்கு எழுத்து என்பது பெட்டியில் ஓர் அறை. எந்த அறையில் எது என்பது ஒவ்வோர் அச்சகத்தின் வழக்கம். ஆயினும் அதனாற் கேடில்லை. அச்சான தாளைப் படிப்பவர்க்கு அறையின் இடம் தெரியவேண்டுவதில்லை.

கணிப்பொறியில் இவ்வழக்கமே கேடாயிற்று. தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்களுக்குக் கிடைத்தவை 256 அறைகள். அவற்றுட் பல ஆங்கிலத்திற்கு உரியவை. ஒவ்வொரு நிறுவனமும் தமிழெழுத்துகளைத் தாம் வேண்டிய அறைகளில் இட்டது. பாமினி என்னும் எழுத்துருவில் ஆங்கில எஃப் இருக்கவேண்டிய அறையில் ககரம் இருக்கும். ‘தமிழ்’ என்று அதில் எழுதினால், பொறி நினைவில் கொள்வது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்தையே. எழுத்துரு உள்ளவரை கண்ணுக்குத் தமிழ். எழுத்துரு நீங்கியதும் அவ்வைந்து குறிகளே எஞ்சும். பல்லவன் பாடலைக் கிரந்தத்திலிருந்து நாகரிக்கு மாற்றினாலும் பாடல் நின்றது. இங்கோ, பாமினியிலிருந்து வேறொரு குறியீட்டு முறையின் எழுத்துருவிற்கு மாற்றினால் சொல்லே சிதைந்தது. வரிவடிவினுள் மூலம் புதைந்துபோயிற்று என்க.

1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரண்டு குறியீட்டு முறைகளை ஏற்றது. அவற்றிற்கு முன்னரே டிஸ்கி என்பது அயலகத் தமிழரிடையே பரவியிருந்தது. எழுத்துருவின் பெயர்க்கு முன்னால் இம்முறையின் பெயரைச் சேர்த்தெழுதும் வழக்கம் அப்போது தோன்றிற்று. அது மிக நல்ல வழக்கம். பெயரைக் கண்டே உள்ளீட்டை அறியலாம். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி அமைந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், அனைத்தெழுத்துக் குறியீடான டேஸ் 16 என்பதனையும் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் ககரம் ககரமே. எந்த எழுத்துருவை அணிவித்தாலும் மூலம் மாறாது. சாளுவன்குப்பத்துத் தச்சனின் நிலைக்கு நாம் மீண்டோம்.

முற்றும் மீண்டோம் என்று சொல்லவும் இயலாது. பல்லவர் தம் பட்டங்களுக்கு முன்னர் வைத்த ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். முன்னர் இதனை ஸகரத்தை முதலாக வைத்துக் குறித்தனர். 2005-இல் ஶகரம் ஒருங்குறியிற் சேர்ந்த பின்னர், அதனை முதலாக வைத்துக் குறிப்பதே முறை எனப்பட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகத் தோன்றும். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. முன்னர்ச் சொல் ஒன்று, வடிவு பல. ஈண்டு வடிவு ஒன்று, மூலம் இரண்டு. கிரந்தத்திற்குத் தனிப்பகுதி அமைக்கும் முயற்சியிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. எ, ஒ, ழ, ற, ன என்னும் ஐந்து தமிழெழுத்துகளையும் அதனுட் சேர்க்கும் முன்மொழிவிற்கு 2010-இல் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு உண்டாயிற்று. 2014-இல் கிரந்தப்பகுதி வெளிவந்தபோது அவ்வைந்தும் அதில் இடம்பெறவில்லை. கூரம் செப்பேட்டின் நெறி இதுவே என்பது எம் கருத்து, மாறுபடுவார் உளர்.

கடைக்காரரிடம் மீள்வோம். வெட்டுத்தொழிலில் எழுத்துருவைப் பேணுதல், அச்சுத்தொழிலினும் அரிது. கத்தி எழுத்தின் புறக்கோட்டையே பின்பற்றும். அணிவகை எழுத்துருக்களில் ஓரெழுத்தின் வால் அடுத்த எழுத்தின்மேல் ஏறிக்கிடந்தால், திரையில் அது ஒன்றாகத் தோன்றும். கத்தியோ இரண்டு கோட்டையும் வெட்டி எழுத்தின் நடுவே கீறிவிடும். ஆதலின் வெட்டுமுன் அவற்றை ஒன்றாக இணைத்தல் வேண்டும். வ, ன, ண, ள முதலியவற்றின் சுழிக்குள் நிற்கும் சிறு துண்டு மற்றொரு தொல்லை. கல்லில் ஒட்டும் தாளில் பசை அதனைத் தாங்கும். வண்ணம் பூசுதற்கு அட்டையில் வெட்டினால் அது கீழே விழுந்துவிடும். அதனைத் தாங்கச் சுழியின் குறுக்கே சிறு பாலம் விட்ட எழுத்துரு தனியே வேண்டும். மெல்லிய கோடுடைய எழுத்துரு வண்டிக்கு அழகு. மணல் வீசிக் குழிக்கும் கல்லில் நில்லாது. ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் நிற்றல் வேண்டும் என்பதை அறியாத மென்பொருள்களும் உள. இத்தனையும் எழுத்துருவின் பெயரால் அறியப்படா. பட்டியலில் அவை ஆங்கில அகர வரிசையில் நிற்கும். பயனோ அவ்வரிசையில் இல்லை.

எம் பலகை கெட்ட பிறகு அக்கடைக்காரர் செய்த செயல் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. பயன்படாத எழுத்துருக்களைப் பொறியினின்று நீக்கித் தனியே சேமித்தார். எஞ்சியவற்றைக் கல், துணி, வண்டி, அழைப்பிதழ் எனப் பயன்வகையால் அடைவுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பணிக்கும் மூன்று கோப்புகளை ஒரே பெயரில் வைத்தார்: ஒருங்குறியில் அமைந்த வெறும் சொற்கள் ஒன்று, எழுத்துரு அணிந்த வடிவம் ஒன்று, கோடாக மாற்றியது ஒன்று. இவற்றோடு நீண்ட கணக்கேடு ஒன்றும் வைத்திருக்கின்றார். பக்கத்திற்கு ஓர் எழுத்துரு. ஒவ்வொன்றிலும் வெட்டி ஒட்டிய ஒரே சொல், அவர் கடையில் மிகுதியாக விலைபோகும் ‘நல்வரவு’. அதன்கீழ் எழுத்துருவின் பெயர், குறியீட்டு முறை, எந்த அளவிற்குக் கீழே வெட்டலாகாது என்னும் குறிப்பு. ‘நல்வரவு’ என்பதில் கொம்பும் இல்லை, ஸ்ரீயும் இல்லை. ஆகவே இரண்டும் வரும் சொல் ஒன்றனையும் சேர்த்தல் நன்று என்றோம். மறுமுறை சென்றபோது, ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஸ்ரீ கொற்றவை’ ஒட்டப்பட்டிருந்தது. பதினேழாம் பக்கத்தில் மட்டும் கொம்பு இடம்மாறி நின்றது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு.

பட்டங்களை ஒருங்குறியில் மீண்டும் எழுதிக் கொடுத்தோம். ‘அத்யந்தகாம’ இப்போது செவ்வனே நிற்கின்றது, புதிய கல்லில். பழைய கல் எம் துறைக் கட்டடத்தின் பின்சுவரில் சாய்த்துவைக்கப்பட்டுள்ளது. றன்னகரம் அதில் இன்னும் தெளிவாகவே இருக்கின்றது.